கட்டக்கோரையும் குப்பைத் தொட்டியும்

ப்ராஜெக்ட் டைட்டில் கொடுத்தாச்சா? இல்ல, இன்னும் கைடு ரூம் வாசல்ல 'சார் மீட்டிங்ல இருக்கார்'னு காத்துக்கிட்டு நிக்கிறீங்களா?

கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக், மைக்ரோபயாலஜி... இதில் எந்த டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் சரி, இந்த சீஸனில் உங்களுக்கோ உங்க லேப் மேட்டுக்கோ ஒரு பாலிதீன் பை வந்து சேர்ந்திருக்கும். உள்ளே காய்ந்து, கறுத்து, உப்புப் பூத்து, கடல் வாடையடிக்கிற சருகு மாதிரி ஒன்று. மண்டபத்தில் தெரிந்தவர் யாரையாவது பிடித்து பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னது. பையின் மேல் மார்க்கர் பேனாவில் 'சர்காசம் வைட்டிஐ' என்று எழுதியிருக்கும். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் போய்க் கேட்டால், 'இதுவா? கட்டக்கோரை!' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்று ஜோசியம் சொல்லவா? மிக்ஸியில் போட்டு அரைப்பீங்க. சாக்ஸ்லெட் திம்பிளில் பொடியை அடைச்சு, கீழே மெத்தனால் ஊத்தி, 8 மணி நேரம் ஓட்டுவீங்க. கரும்பச்சையாக ஒரு சாறு இறங்கும். வற்ற வைத்தால் பிசுபிசுவென்று தார் மாதிரி ஒரு வஸ்து. அதில் கொஞ்சம் ஜிசி-எம்எஸ் டெஸ்ட்டுக்கு, தலைக்கு இவ்வளவு என்று காசு போட்டு வெளியே அனுப்புவீங்க. கொஞ்சம் டிபிபிஹெச்சுக்கு. கொஞ்சம் எம்டிடி டெஸ்ட்டுக்கு, ஹீலா செல் மேல் ஊத்த. கடைசியில் ஸ்பைரல் பைண்டிங். 'புற்றுநோய்க்கு எதிரான ஆற்றல் உள்ளது என நிரூபிக்கப்பட்டது.' வைவா. மார்க். சுபம்!

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். திம்பிளில் மிச்சமிருந்த சக்கையை என்ன செஞ்சீங்க?

குப்பைத் தொட்டியில் தட்டினீங்க. தப்பாக நினைக்காதீங்க, என் காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் கட்டக்கோரையில் சரக்கு என்று உலகம் காசு கொடுத்து வாங்குகிற பொருள் அந்தச் சக்கைக்குள்தான் இருந்தது. இந்த வாரம் அந்தக் குப்பைத் தொட்டியைத்தான் கிளறப் போகிறோம்.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகள், அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாத பாறைப் பகுதிகள்... இதுதான் கட்டக்கோரையின் சொந்த ஊர். வேர் கிடையாது. பாறையைக் கவ்விப் பிடிக்க ஒரு தட்டு மாதிரியான பிடிப்பு, அதிலிருந்து தண்டு, தண்டில் இலை மாதிரி மடல்கள், நடுநடுவே மிளகு சைஸில் காற்றுப் பைகள். இந்தப் பைகள்தான் அதை வெயில் பக்கமாகத் தூக்கி நிமிர்த்துகின்றன. தண்ணீருக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், காற்றில் ஆடும் பழுப்பு நிறச் சோளக்கொல்லை மாதிரி இருக்கும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் நன்றாகச் செழித்துக் கிடக்கும்.

பெயரில் இருக்கும் 'வைட்' யார்? ராபர்ட் வைட். ஸ்காட்லாந்து டாக்டர். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாக மதராஸ் வந்து இறங்கி, வைத்தியத்தைவிடச் செடி கொடிகளோடு அதிகமாகக் குடும்பம் நடத்தியவர். கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சியும் செய்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் படம் படமாக வரைந்து பெரிய புத்தகத் தொகுதிகளே போட்டார். வரைந்தது அவரில்லை, ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள். கோவிந்துவுக்கு நன்றிக்கடனாக ஒரு ஆர்க்கிட் வகைக்கு அவர் பெயரையே வைட் வைத்தார் என்பது நிறைய பேருக்குத் தெரியாத கிளைக்கதை. கடற்பாசிக்கு வைட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் எடின்பரோவில் இருந்த அவரது நண்பர் கிரெவில். அதை 1848-ல் அச்சில் ஏற்றியவர் ஸ்வீடன்காரர் அகார்த்.

இன்னொரு விஷயம். ரெக்கார்ட் நோட்டில் 'கடல் தாவரம்' என்று எழுதாதீங்க. பழுப்புப் பாசிகளுக்கும் நெல்லுக்கும் அப்படியொன்றும் நெருங்கிய சொந்தம் கிடையாது. எப்பவோ ஒரு ஒற்றைச் செல் உயிர் ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி, செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே குடிவைத்துக்கொண்டது. அந்தப் பரம்பரையில் வந்தவை இவை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருப்பீங்களே டயாட்டம், அதுதான் இதற்குப் பங்காளி. அதனால்தான் இதன் கெமிஸ்ட்ரியும் வயல்வெளிச் செடிகளின் கெமிஸ்ட்ரி மாதிரி இருப்பதில்லை. இங்கேதான் நம்ம கதை சூடு பிடிக்கிறது.

கரையில் நிற்கிற மரத்துக்கு விறைப்பு வேண்டும். புவியீர்ப்பை எதிர்த்து நிற்க லிக்னின் போட்டு இறுக்கிக்கொள்கிறது. கடலுக்குள் அந்த வேலையே வேண்டாம், தண்ணீரே தூக்கிக்கொள்கிறது. ஆனால் நிமிஷத்துக்குப் பத்து தடவை அலை வந்து அடிக்கும். விறைத்து நின்றால் ஒடிந்துவிடும். வளையணும், இழுபடணும், அறுந்து போகக் கூடாது. கூடவே, தண்ணீர் வற்றும்போது வெளியே தெரிகிற பாகம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடவும் கூடாது. இத்தனைக்கும் சேர்த்து அது கண்டுபிடித்த ஒரே பதில், செல் சுவருக்குள் ஒரு ஜெல்லி. அதன் பெயர் ஆல்ஜினேட். காய்ந்த கட்டக்கோரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும் இதுவே இருக்கும்.

ஆல்ஜினிக் அமிலம் ஒரு நீளமான சங்கிலி. இரண்டே இரண்டு மணிகளைக் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்க. ஒன்று மானுரோனிக் அமிலம், சுருக்கமாக எம். மற்றது குலுரோனிக் அமிலம், சுருக்கமாக ஜி. இரண்டுக்கும் ஃபார்முலா ஒன்றுதான். ஐந்தாவது கார்பனில் மட்டும் அமைப்பு திரும்பிக்கொண்டிருக்கும். 'அட, ஸ்டீரியோகெமிஸ்ட்ரி செமஸ்டரோட போச்சுனு நெனச்சேனே'ங்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. அந்த ஒரு திருப்பத்தில்தான் மொத்த வியாபாரமும் இருக்கிறது.

எம் வரிசையாக வந்தால் சங்கிலி கிட்டத்தட்ட தட்டையான நாடா. ஜி வரிசையாக வந்தால் வளைந்து வளைந்து, முட்டைக் கடையில் அடுக்கிவைக்கிற அட்டை மாதிரி குழி குழியாக இருக்கும். இரண்டு அட்டைகளை எதிரெதிராக வைத்து, குழிகளுக்குள் முட்டைக்குப் பதில் கால்சியம் அயனிகளை உட்கார வையுங்க. டக்கென்று பூட்டிக்கொள்ளும். 1973-ல் வந்த இந்த விளக்கத்துக்கு 'முட்டைப் பெட்டி மாடல்' என்றே பெயர். சோடியம் இருந்தால் ஆல்ஜினேட் கொழகொழவென்ற கரைசல். கால்சியம் பட்டால் அந்த நொடியே ஜெல். ஜி அதிகமென்றால் விறைப்பான, உடையக்கூடிய ஜெல். எம் அதிகமென்றால் துவளும் ஜெல். எந்த இனம், எந்தப் பாகம், எந்த சீஸன் என்பதைப் பொறுத்து இந்த விகிதம் மாறும்.

இந்தச் சரக்கை முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கெமிஸ்ட். ஸ்காட்லாந்தில் பழுப்புப் பாசியை எரித்து, சாம்பலில் இருந்து அயோடின் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. (அயோடினே 1811-ல் பாரிஸில் கூர்த்துவா என்பவரிடம் பாசிச் சாம்பலில் இருந்து ஊதாப் புகையாகக் கிளம்பி வந்ததுதான்.) எரிக்கும்போது பாதிச் சரக்கு புகையாகப் போகிறதே என்று ஸ்டான்ஃபோர்டுக்கு வயிற்றெரிச்சல். எரிக்காமல் சோடாவில் ஊறவைத்துப் பார்த்தார். பசை மாதிரி வந்தது. 1881-ல் பேடன்ட் வாங்கினார். பார்த்தீங்களா, ஆரம்பத்திலிருந்தே இது குப்பைக்குப் போகிற மிச்சத்தைப் பார்த்து ஒருத்தர் வருத்தப்பட்ட கதைதான்.

இன்றைக்கு இது எங்கெல்லாம் இருக்கிறது தெரியுமா? ஐஸ்க்ரீம் கவரைத் திருப்பி, ஸ்டெபிலைசர் என்ற இடத்தில் 401 என்று இருக்கிறதா பாருங்க. இருந்தால் அது சோடியம் ஆல்ஜினேட். பனிக்கட்டி நரநரவென்று கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. பல் டாக்டர் அளவெடுக்க ஒரு மாவைக் குழைத்து, டிரேயில் அப்பி, வாயில் வைத்து 'அசையாதீங்க' என்பாரே... அந்த மாவில் ஆல்ஜினேட்டும் கால்சியம் சல்ஃபேட்டும் சேர்ந்தே இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் கல்யாணம். அது உடனே நடந்துவிடாமல் டாக்டருக்கு ஒன்றிரண்டு நிமிஷம் டைம் வாங்கித்தர ஒரு பாஸ்பேட் உப்பும் உள்ளே இருக்கும். புண்ணுக்கு வைக்கிற கால்சியம் ஆல்ஜினேட் கட்டுத்துணியில் நடப்பது இதன் ரிவர்ஸ். புண்ணில் கசிகிற நீரின் சோடியம் உள்ளே போக, கால்சியம் வெளியே வர, துணியே ஜெல்லாகிப் புண்ணைக் காயவிடாமல் மூடிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது திருப்பூர் சமாச்சாரம். பருத்தித் துணியில் ரியாக்டிவ் டை வைத்து பிரின்ட் அடிக்கும்போது சாயம் பரவாமல் இருக்க அதைக் கெட்டியாக்க வேண்டும். மாவுப் பசை போட்டால் என்ன? ரியாக்டிவ் டை பருத்தியின் ஹைட்ராக்சில் குரூப்போடு சேர்வதற்காகவே செய்யப்பட்டது. ஸ்டார்ச்சிலும் அதே குரூப் கொட்டிக்கிடக்கிறது. சாயம் துணியை விட்டுவிட்டு மாவோடு ஓடிப்போய்விடும். ஆல்ஜினேட்டில் மைனஸ் சார்ஜ் கார்பாக்சிலேட் வரிசையாக இருக்கிறது. சாயமும் மைனஸ். இரண்டும் ஒன்றையொன்று பக்கத்தில் சேர்ப்பதில்லை. அதனால் சாயம் ஒழுங்காகத் துணியில் போய் ஒட்டுகிறது, பசை வாஷிங்கில் கழன்று போகிறது. நீங்கள் போட்டிருக்கிற பிரின்டட் டி-ஷர்ட்டின் டிசைன் பிசிறில்லாமல் இருக்கிறதென்றால் ஏதோ ஒரு கடலின் பழுப்புப் பாசிக்கு அதில் பங்கிருக்கலாம்.

சரி, இந்தப் பை உங்க லேப் டேபிளுக்கு எப்படி வந்தது? கட்டக்கோரையை இங்கே யாரும் பயிர் செய்வதில்லை. மூங்கில் தெப்பம் கட்டி வளர்க்கிறார்களே, அது வேறு. கப்பாஃபைகஸ் என்கிற, வெளியிலிருந்து வந்த சிவப்புப் பாசி. கட்டக்கோரை கடல் தானாக வளர்த்தது. பாம்பன், ஏர்வாடி, கீழக்கரை என்று அந்தக் கரையோரக் கிராமங்களின் பெண்கள் ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கி முங்கி எடுத்தது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காமல் விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் ஒரு பை. அவ்வளவுதான் யூனிஃபார்ம். அகருக்குப் போகிற மரிக்கொழுந்துப் பாசிக்கு நல்ல விலை. கட்டக்கோரைக்கும் பக்கோடாப் பாசிக்கும் விலை கம்மி. கரையில் காயவைத்துக் கிலோக் கணக்கில் வியாபாரிக்குப் போட்டால், அது மதுரைப் பக்கம் இருக்கிற ஆல்ஜினேட் யூனிட்களுக்குப் போகும்.

1986-ல் அந்த 21 தீவுகளையும் சேர்த்துத் தேசிய கடல் பூங்கா என்று அறிவித்தார்கள். பவளப்பாறைக்கு அது அவசியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டி காலத்தில் முங்கிய அதே இடத்தில் பேத்தி முங்கினால் சட்டப்படி குற்றம் என்றாகிவிட்டது. வனத்துறைக்கும் இவர்களுக்கும் இழுபறி இன்னும் ஓயவில்லை. பாறையைச் சுரண்டுகிற இரும்புக் கருவி வேண்டாம், மாதத்தில் சில நாட்கள் மட்டும்தான் கடலில் இறங்குவது, பாசி முளைவிடுகிற மாதங்களில் மொத்தமாக லீவு என்று இவர்களே பேசிவைத்துச் சில கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டார்கள். அடியிலிருக்கும் பிடிப்பை விட்டுவிட்டு மேலே ஒடித்தால் கட்டக்கோரை திரும்பத் துளிர்க்கும். பிடுங்கினால் போச்சு. இது ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இருக்கிறது. கட்டுரை வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

இப்படி ஒருத்தர் மூச்சைப் பிடித்து எடுத்து வந்த பொருளைத்தான் மெத்தனாலில் அலசிவிட்டுத் தூக்கிப் போடுகிறோம்.

இப்போது உங்க சைடுக்கு வருகிறேன். 'சார், ஆல்ஜினேட் பழைய கதை. எங்களுக்கு வேணும்கிறது மருந்து. ஃபூக்காய்டன், ஃப்ளோரோடானின், ஃபூக்கோசாந்தின்... இதெல்லாம் இருக்கே?' இருக்கு. மறுக்கவே இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

ஃபூக்காய்டன்: 1913-ல் ஸ்வீடனில் கைலின் பிரித்தெடுத்தது. ஃபூக்கோஸ் என்ற சர்க்கரையின் சங்கிலி, மேலே சல்ஃபேட் குரூப்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கிற ஹெபாரினுக்குக் கொஞ்சம் சாயல் இருப்பதால் ஆராய்ச்சியாளர்களுக்கு இதன் மேல் ஒரு கண். ஆனால் இது சல்ஃபேட் ஏறிய பெரிய பாலிசாக்கரைடு. தண்ணீரிலோ நீர்த்த அமிலத்திலோதான் வெளியே வரும். மெத்தனாலில் கரையாது. ஆல்ஜினேட்டும் அப்படியே. உங்க கரும்பச்சைச் சாற்றில் இரண்டுமே கிடையாது. 'ஃபூக்காய்டன் நிறைந்த கட்டக்கோரை' என்று இன்ட்ரோடக்‌ஷனில் நாலு பக்கம் எழுதிவிட்டு, ஃபூக்காய்டனைக் குப்பையில் போட்டுவிட்டு, மீதியை டெஸ்ட் செய்கிறோம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தாலி கட்டுகிற மாதிரி!

ஃபூக்கோசாந்தின்: பாசிக்குப் பழுப்பு நிறம் தருகிற நிறமி. இது மெத்தனாலில் நன்றாகவே வரும். ஆனால் வெயிலும் சூடும் ஆகாது. கடற்கரை மணலில் நாள் கணக்கில் காய்ந்து, பஸ்ஸில் வெந்து, சாக்ஸ்லெட்டில் 8 மணி நேரம் கொதித்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கும்? நிழலில், ஈரமாக, ஐஸ் வைத்துக் கொண்டுவந்த பாசியில் செய்தால்தான் அதற்கு அர்த்தம்.

ஃப்ளோரோடானின்: ஃப்ளோரோகுளூசினால் வளையங்கள் கோத்த பாலிஃபீனால். மேய வருகிற உயிர்களைத் துவர்ப்புக் காட்டி விரட்டப் பாசி வைத்திருக்கிற ஆயுதம். இதுதான் டிபிபிஹெச்சின் ஊதாவை மஞ்சளாக்கி உங்களைக் குஷிப்படுத்துகிறது. ஆனால் பாஸ், உங்க கேன்டீன் டீயை நீர்க்கவைத்து ஊத்திப் பாருங்க. அதுவும் மஞ்சளாக்கும். அதனால் கேன்டீன் டீ புற்றுநோய் மருந்து ஆகிவிடுமா?

எம்டிடி கதை இதைவிட வேடிக்கை. மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும், ஊதா குறைந்தால் செல் செத்தது என்று அர்த்தம். சரி. ஆனால் பாலிஃபீனால் நிறைந்த சாறு, செல்லே இல்லாமல் தானாகவே எம்டிடியை ஊதாவாக்கும். சாற்றுக்கென்று சொந்த நிறம் வேறு. ரீடருக்கு இது எதுவும் தெரியாது, நம்பரை மட்டும் காட்டும். செல் இல்லாமல் சாறு மட்டும் போட்ட ஒரு வரிசையை உங்க பிளேட்டில் வைத்தீங்களா? அப்புறம் இன்னொன்று. பிளேட்டில் இருக்கிற கேன்சர் செல்லைக் கொல்வது பெரிய வித்தையே இல்லை. பினாயில் ஊத்தினாலும் சாகும், அஜினமோட்டோவை அள்ளிப் போட்டாலும் சாகும். நல்ல செல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்கிறதா, எவ்வளவு கம்மியான அளவில் என்பதுதான் கேள்வி.

ஜிசி-எம்எஸ் பற்றி இன்னும் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கிய அந்த ரிப்போர்ட்டை எடுங்க. இந்த மெஷினுக்குள் ஆவியாகிற பொருள் மட்டும்தான் நகரும். ஆல்ஜினேட், ஃபூக்காய்டன், ஃப்ளோரோடானின் சங்கிலிகள் எதுவும் ஆவியாகாது, கருகத்தான் செய்யும். ஃபூக்கோசாந்தினும் சூடு தாங்காமல் உடைந்துவிடும். அதாவது நீங்க தேடிப்போன நாலு பேரில் ஒருத்தரைக்கூட இந்த கேமராவில் பார்க்க முடியாது. பிறகு யார்தான் தெரிகிறார்கள்? ஹெக்ஸாடெகனாயிக் அமிலம். பெயர் கெத்தாக இருக்கிறது இல்லையா? பால்மிட்டிக் அமிலம்தான். உங்க டிபன் பாக்ஸ் நெய்யில் இதைவிட நிறைய இருக்கிறது. அடுத்து ஏதோ ஒரு தாலேட். அது பாசியிலிருந்து வந்ததைவிட பிளாஸ்டிக் பாட்டில், டியூப், மூடியிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சிலாக்சேன் என்று ஒரு பீக் இருந்தால் பெரும்பாலும் அது மெஷினின் காலம் கசிந்தது. இவற்றையும் 'கட்டக்கோரையின் மருத்துவ குணமுள்ள சேர்மங்கள்' என்று டேபிள் போட்டு அச்சடித்த கட்டுரைகள் இருக்கின்றன. நம்மில் ஒருத்தர் எழுதியதைப் பார்த்துத்தான் அடுத்தவர் எழுதுகிறார்.

பழுப்புப் பாசியிலிருந்து மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. சீனாவில் 2019 நவம்பரில், அல்சைமர் நோய்க்கு ஒரு மாத்திரைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். அது என்ன தெரியுமா? நம்ம எம் மணிகளின் குட்டிக் குட்டித் துண்டுகள்! உலகமே நிமிர்ந்து பார்த்தது. பல நாடுகளில் பெரிய ட்ரயல் தொடங்கினார்கள். 2022-ல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகள், வருஷக்கணக்கான உழைப்பு, கோடிக்கணக்கில் பணம். அதற்கே இந்த நிலைமை. நாம் மூன்று மாச ப்ராஜெக்ட்டில் 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதிவிடுகிறோம். அந்த வரியை யாரோ ஒருத்தர் அப்பாவுக்கு கேன்சர் என்று தெரிந்த ராத்திரியில் தேடிப் பிடித்துப் படிப்பார் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

பவுடராக்கிச் சாப்பிட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்காசம் குடும்பம் கடல்நீரிலிருந்து ஆர்சனிக்கை இழுத்துச் சேர்த்து வைக்கிற பழக்கம் உள்ளது. ஜப்பானில் சமைக்கிற ஹிஜிகி இதே குடும்பம். அதில் கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால் 2004-லேயே பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு அதைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. லேப் பையில் வந்ததை வாயில் வைக்காதீங்க.

'அப்ப நாங்க என்னதான் செய்றது?'

அந்தச் சக்கையை எடுங்க. இல்லை, புதுசாகவே 10 கிராம் பொடி எடுங்க. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (1 சதவீதம் போதும்) இரண்டு மூன்று மணி நேரம் ஊறவையுங்க. உள்ளே பூட்டியிருக்கிற கால்சியம் கழன்று ஓடும். வடிகட்டி, அமிலம் போகக் கழுவி, 3 சதவீத சோடியம் கார்பனேட் கரைசல் 200 மில்லி ஊத்தி, 60 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் கிளறிக்கொண்டே இருங்க. பீக்கரில் இருப்பது மெல்ல மெல்லச் சளி மாதிரி கொழகொழக்கும். முகம் சுளிக்காதீங்க, ஸ்டான்ஃபோர்டு பார்த்தது இதைத்தான். தண்ணீர் சேர்த்து இளக்கி, நாலாக மடித்த பழைய வேட்டித் துணியில் பிழியுங்க. (ஃபில்டர் பேப்பரில் ஊத்தினால் அடுத்த செமஸ்டர் வரை சொட்டிக்கொண்டிருக்கும்.) பிழிந்ததில் இரண்டு மடங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊத்தினால் நார் நாராக மேலே திரளும். அதுதான் சோடியம் ஆல்ஜினேட். ஒத்தி எடுத்து, காயவைத்து, எடை போட்டு, எத்தனை சதவீதம் என்று எழுதுங்க. இந்த நம்பர் உங்களுடையது. எந்த லைப்ரரி மேட்சும் கொடுத்ததில்லை.

இப்போது உண்மையான ப்ராஜெக்ட் கேள்விகள் தானாக வரும். அக்டோபர் பாசிக்கும் ஜனவரி பாசிக்கும் எடை மாறுகிறதா? அடித்தண்டுக்கும் நுனிக்கும்? வெயிலில் காய்ந்ததற்கும் நிழலில் காய்ந்ததற்கும் கொழகொழப்பில் என்ன வித்தியாசம்? விஸ்காமீட்டர் உங்க பிசிக்கல் கெமிஸ்ட்ரி லேப் அலமாரியில் தூசியோடு இருக்கும். 2023-ல் ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்த மாதிரி ஆட்கள் நாளைக்குத் தேவைப்படுவது, எந்த மாதம், எந்தப் பகுதியிலிருந்து எடுத்தால் என்ன தரம் என்று சொல்லத் தெரிந்தவர்களாகத்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் பை மேல் பெயரோடு தேதியும் இடமும் எழுதியிருக்க வேண்டும். அதை எடுத்து வந்த அக்காவிடம் போனில் இரண்டு நிமிஷம் பேசினாலே கிடைக்கிற தகவல். பாசியின் பெயர் சரிதானா என்று பார்க்க மண்டபத்திலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும், உப்பு மற்றும் கடல் ரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. ஒரு முழுச் செடியை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியம் ஷீட்டாக எடுத்துக்கொண்டு போங்க. நீங்களே தீவுக்குப் படகெடுத்துப் போய்ப் பிடுங்குகிற வேலை மட்டும் வேண்டாம், பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

கடைசியாக, வைவாவுக்கு ஒரு சின்ன மேஜிக். எடுத்து வைத்த ஆல்ஜினேட்டில் 2 கிராமை 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்க. போர் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கிற கால்சியத்திலேயே கட்டி கட்டியாகிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, 2 சதவீத கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுங்க. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்திலேயே உருண்டையாகி அடியில் போய் உட்காரும், ஜவ்வரிசி மாதிரி. முட்டைப் பெட்டி மாடலைப் போர்டில் வரையச் சொன்னால் வரையாதீங்க, இதைக் காட்டுங்க. 'திரும்பக் கரைக்க முடியுமா?' என்று எக்ஸ்டர்னல் நிச்சயம் கேட்பார். சோடியம் சிட்ரேட் கரைசல் ஒரு பீக்கரில் ரெடியாக இருக்கட்டும். உருண்டைகளை எடுத்து அதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பிங்க. சிட்ரேட் கால்சியத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கும். வைவா முடிவதற்குள் பீக்கரில் உருண்டை இருக்காது. போட்டோ வேண்டுமென்றால் முன்னாடியே எடுத்துடுங்க. உருண்டைகள் இளம்பழுப்பாகத்தான் இருக்கும், அடியில் ஒரு வெள்ளை பேப்பர் வைங்க.